பாம்புக்கு எரியாத விளக்கு

நாகர்கோவிலிலிருந்து மேற்கே மார்த்தாண்டம் வரையிலும், கிழக்கே ஆரல்வாய்மொழி வரையிலும், வீடுகளின் புறவாசல்களையும் கார் நிறுத்தும் கொட்டகைகளையும் மாடிப்படித் திருப்பங்களையும் இரவில் கவனித்து வருபவர்கள், சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டமான ஒரு விளக்கு, யாரும் இல்லாதபோது அணைந்து கிடந்து, ஆள் வந்ததும் தானாகவே எரிந்து, ஆள் போன சிறிது நேரத்தில் தானாகவே அவிந்துபோவதைப் பார்த்திருப்பார்கள். கடைக்காரர்கள் ‘பல்க்ஹெட் சென்சார் லைட்’ என்று சொல்லும் இந்த விளக்கை வாங்கி மாட்டிய குடும்பங்களில், சில மாதங்களுக்குள் சில சந்தேகங்கள் கிளம்பாமல் இருப்பதில்லை. கிணற்றடிக்குப் போகும் வழியில் பாம்பு கிடந்தால் தெரியட்டும் என்று பலர் அதை மாட்டுகிறார்கள். பாம்போ அதன் கீழேயே ஊர்ந்து சென்றாலும் விளக்கு எரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மதிலோரமாக நடந்தால் எரிகிறது. வீட்டு எஜமானர் நேராக விளக்கை நோக்கி நடந்து வந்தால், ஏறக்குறைய அதன் அடியில் வந்து நிற்கும்வரை அது சும்மா இருக்கிறது. குறுக்கே போகிறவனுக்கோ தூரத்திலேயே எரிகிறது. எரிந்த விளக்கின் கீழ் அசையாமல் நின்று தொலைபேசியில் பேசினால், பேச்சு முடியும் முன்பே இருட்டாகிவிடுகிறது. கரண்டு போய்த் திரும்பி வரும் சமயத்தில், ஒருவருமே இல்லாத முற்றத்தில் அரை நிமிஷம் எரிந்து அணைகிறது.

இவையெல்லாம் பழுது என்று நினைத்து விளக்கைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. உண்மையில் இவற்றில் ஒன்றும் பழுதல்ல. இந்த விளக்குக்கு மனிதனையும் தெரியாது, நடமாட்டத்தையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வேறொன்று. அது இன்னதென்று அறிந்துகொண்டவனுக்கு, எந்த விளக்கை வாங்குவது, எந்தச் சுவரில் எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பவற்றைப் பிறரிடம் கேட்க வேண்டிய அவசியம் அநேகமாக இராது.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞர், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தி, பிரிந்து விழுந்த வர்ணங்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு உஷ்ணம் இருக்கிறதென்று வெப்பமானிகளை வைத்து அளந்து வந்தபோது, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றவற்றைக் காட்டிலும் அதிகமாக ஏறியதைக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அந்தக் கதிரைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். சூரியன் மட்டுமே அதை வெளியிடுவதாக எண்ணிவிடக் கூடாது. உஷ்ணமுள்ள ஒவ்வொரு பொருளும், சுவரும் மரமும் மாடும் மனிதனும், தத்தம் உஷ்ணநிலைக்கு ஏற்ற அளவில் இரவும் பகலும் அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் தன் உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் அளவுக்கு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறான். அதில் கணிசமான பகுதி இந்தக் கதிராகவே போகிறது. சுமார் 33 டிகிரி உஷ்ணமுள்ள நமது தோலிலிருந்து கிளம்பும் கதிரின் அலைநீளம் சிவப்பு ஒளியினுடையதைப்போல் 13 மடங்குக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே கும்மிருட்டிலும் நாம் ஒவ்வொருவரும் ஒளிவிட்டுக்கொண்டுதான் நடக்கிறோம்; அதைக் காணத் தக்க கண் நமக்கு இல்லை.

அந்தக் கண்ணை விளக்குக்குக் கொடுத்தது ஒரு கல். அந்தக் கல்லின் கதை நமக்கு அண்டையிலேயே, கடலுக்கு அக்கரையில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போது இலங்கையின் கரையோரங்களை ஆண்டுகொண்டிருந்த டச்சுக்காரர்கள், அங்கு அகப்பட்ட டூர்மலின் என்னும் ரத்தினக் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். தணலில் வைத்தால் அந்தக் கல் சாம்பலைத் தன்பால் இழுத்துப் பின்பு விலக்கித் தள்ளுவதைக் கண்டு வியந்து, அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே அவர்கள் பெயர் வைத்தார்கள். (அதே டச்சுக்காரர்கள் 1741இல் நமது குளச்சல் கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப்போனது நாம் அனைவரும் பள்ளியில் படித்தது, அவர்கள் கொண்டுபோன கல்லைப்பற்றி ஒருவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.) இந்த இழுப்பு மின்சாரத்தின் விளைவே என்பதையும், சூடேறும்போது கல்லின் ஒரு முனையில் ஒருவகை மின்னூட்டமும் மறுமுனையில் அதற்கு நேர் எதிரான மின்னூட்டமும் தோன்றுகின்றன என்பதையும் 1756இல் ஏபினஸ் என்பவர் நிரூபித்தார். 1824இல் டேவிட் புரூஸ்டர் இதற்கு ஒரு சாஸ்திரப் பெயர் சூட்டினார். தமிழில் ‘வெப்பமின் விளைவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விளைவில் நாம் மறக்கக் கூடாத நுட்பம் ஒன்றுண்டு. கல் சூடாக இருப்பதனால் மின்னூட்டம் தோன்றுவதில்லை. அதன் சூடு மாறும்போதுதான் தோன்றுகிறது. மாற்றம் நின்று சூடு ஒரு நிலையில் தங்கிவிட்டால், தோன்றிய மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்து மறைந்துபோகிறது. சென்சாருக்குள் இருப்பவை இத்தகைய குணம் படைத்த, மனிதனால் செய்யப்பட்ட இரண்டு சிறு படிகத் துண்டுகளே. அவற்றை எதிரும் புதிருமாக இணைத்திருப்பதால், இரண்டின்மேலும் ஒரே அளவு கதிர் ஒரே சமயத்தில் விழுந்தால் ஒன்றின் மின்சாரத்தை மற்றொன்று அழித்துவிடும்; அந்தி நேரத்தில் முற்றம் முழுவதும் மெல்லக் குளிர்ந்தாலும், காலையில் மெல்லச் சூடேறினாலும், அது பொருட்படுத்தாது. ஒன்றின்மேல் விழுந்து அடுத்ததன்மேல் விழாத கதிர்தான் அதை எழுப்பும்.

சென்சாரின் முகத்தில் பால்நிறத்தில் சிறு சிறு கட்டங்களாகத் தெரியும் பிளாஸ்டிக் கவசம் வெறும் மூடியல்ல; அது ஒரு வில்லைக் கூட்டம். கனத்த கண்ணாடி வில்லையை வளையம் வளையமாக வெட்டி எடையைக் குறைக்கும் தந்திரத்தைக் கலங்கரை விளக்கங்களுக்காகக் கண்டுபிடித்து, 1823இல் பிரான்ஸ் தேசத்துக் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஏற்றிக் காட்டியவர் ஃபிரெனெல். அதே தந்திரத்தால், இங்கே மெல்லிய தகடு ஒன்றிலேயே பல வில்லைகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வில்லையும் முற்றத்தின் ஒரு துண்டை மட்டும் படிகங்களின்மேல் கொண்டுவந்து விழச் செய்கிறது. ஆகவே சென்சாரின் பார்வை ஒரே விரிப்பாக இராமல், விளக்கிலிருந்து விசிறிபோல் புறப்படும் பல கீற்றுகளாக, இடையிடையே பாராத இடைவெளிகளோடு அமைந்திருக்கிறது.

வரிசை பிடித்து நட்ட தென்னந்தோப்பின் ஓரத்தில், வீட்டுத் திண்ணையில் இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிக்கன் விளக்கை ஏந்திய ஒருவன் தோப்பின் குறுக்கே நடந்தால், ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் வெளிச்சம் மறைந்து மறைந்து வெளிப்பட்டு மினுக்குவது அவர் கண்ணில் உடனே படும். அதே ஆள் இரண்டு வரிசைகளின் நடுவே நேராக அவரை நோக்கி நடந்து வந்தால் எந்த மினுக்கமும் இராது. சென்சார் அறிவது அந்த மினுக்கத்தைத்தான். கீற்றுகளை வெட்டிக்கொண்டு குறுக்கே செல்பவனின் உடல்வெப்பம் ஒரு படிகத்திலும் பின்பு மற்றதிலும் மாறி மாறி விழுவதால் அது விழித்துக்கொள்கிறது. ஒரே கீற்றின் வழியே நேராக வருபவன் மிக அருகில் வரும்வரை அதற்கு இல்லாதவனே. அசையாமல் நிற்பவன் மாற்றத்தை உண்டாக்காததால் அவனும் இல்லாதவனே. கரண்டு வந்ததும் தானாக எரிவதன் காரணமும் இதுதான்: மின்சாரம் புகுந்தவுடன் படிகமும் அதைச் சார்ந்த மின்சுற்றும் நிலைப்படச் சற்று நேரமாகும்; அந்தக் குழப்பத்தை அது மாற்றமாகவே எடுத்துக்கொள்கிறது.

பாம்பின் விஷயமும் இப்போது விளங்கும். பாம்பின் உடல் தன்னைச் சூழ்ந்த மண்ணின் உஷ்ணத்தையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது. தரைக்கும் அதற்கும் வெப்பத்தில் வேற்றுமை அதிகமில்லாதபோது, அது ஊர்ந்தாலும் கீற்றுகளில் மாற்றம் உண்டாவதில்லை. பூனையோ நம்மைப்போல் வெதுவெதுப்பான பிராணி. வினோதம் என்னவென்றால், நமது மலையோரத் தோட்டங்களில் காணப்படும் குழிவிரியன் இனத்துப் பாம்புகளுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே உள்ள குழி, இந்தச் சென்சார் செய்யும் வேலையைத்தான் இன்னும் திறமையாகச் செய்கிறது. அதிலிருந்து புறப்படும் நரம்பின் மின்துடிப்புகளைப் பதிவுசெய்து, அது இந்தக் கதிரை உணர்கிறது என்று 1952இல் புல்லக், கவுல்ஸ் என்ற இருவர் காட்டினார்கள்; ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு மாற்றத்தையும் அது உணரக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. இந்த விளக்கை நம்பிப் பாம்பைத் தேட வேண்டாம். நாம் காலை எடுத்து வைத்ததும் அது எரிந்து, கிடக்கும் பாம்பை நமக்குக் காட்டிவிடுகிறதல்லவா, அந்த உபகாரம் போதும்.

வெப்பத்தின் அளவைவிட வேற்றுமையே முக்கியம் என்பதால், தேசத்தின் சீதோஷ்ணமும் இதில் தலையிடுகிறது. திருநெல்வேலிச் சீமையில் சித்திரை மாதத்து மாலையில், காற்றும் சுவரும் தோலின் சூட்டை எட்டிவிடும்போது, ஆளுக்கும் பின்புலத்துக்கும் வேற்றுமை குன்றி, சென்சார் சற்றே குருடாகிவிடும். இரு பருவமழையும் கடற்காற்றும் வாய்த்த நாஞ்சில் நாட்டில் இரவுகள் பெரும்பாலும் தோலின் சூட்டுக்குப் பல டிகிரி கீழேயே இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இங்கே மழையால் வேறு தொல்லை: நீர் இந்தக் கதிரை விழுங்கிவிடும்; ஆகவே வில்லையின்மேல் நீர்த்திவலை படிந்திருக்கும்போதும், குடைக்குள்ளோ நனைந்த உடைக்குள்ளோ உடல் ஒளிந்திருக்கும்போதும், பெட்டியின்மேல் 8 மீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் அந்தத் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும். மேற்கூரையின் இறப்புக்கு அடியில், சாரல் அடிக்காத இடத்தில் மாட்டுவது இதனால்தான் உசிதம்.

கீற்றாவது கதிராவது என்று சந்தேகிப்பவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சென்சாரின் முன்னால் ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் கண்ணாடிக்கு அப்பால் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். அவர் நமது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவார், விளக்குக்குத் தெரியமாட்டார், ஏனென்றால் கண்ணாடி இந்த அலைநீளத்துக்குச் சுவர். கண்ணாடியை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கறுப்புப் பாலித்தீன் பை ஒன்றைப் பிடியுங்கள். விளக்கு பெரும்பாலும் எரிந்துவிடும். சென்சாரின் வில்லையைப் பாலித்தீனிலேயே செய்வதன் ரகசியமும் அதுதான்.

இதிலிருந்து, கடைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி பிறக்கிறது. பல்க்ஹெட் விளக்கு, கப்பல்களின் தடுப்புச் சுவர்களில் நீர் புகாதபடி மூடி மாட்டப்பட்ட விளக்கின் வம்சத்தைச் சேர்ந்தது; அதன் மூடி பெரும்பாலும் தடித்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் வழியே உடல்வெப்பக் கதிர் புகாது. ஆகவே, வெளியே கட்டம் போட்ட சிறு வில்லை துருத்திக்கொண்டிருந்தால் அது நாம் இதுவரை பேசிய பி.ஐ.ஆர். வகை, வெளியே ஒன்றுமே தெரியாமல் வழவழவென்றிருந்தும் ஆளுக்கு எரியுமானால் அது வேறு ஜாதி, மைக்ரோவேவ் வகை.

முன்னது வருகிற கதிரை வாங்கிக்கொள்வதோடு சரி. பின்னது தானே அலைகளை அனுப்பி, மோதித் திரும்புபவற்றைப் பரிசோதிக்கிறது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வு எண் சற்று மாறிவிடும் என்பது, 1842இல் டாப்ளர் கூறி, 1845இல் ஹாலந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றிச் சோதித்து உறுதிசெய்யப்பட்ட தத்துவம். வினாடிக்கு 580 கோடி முறை அதிரும் அலையை அனுப்பும் சென்சாரை நோக்கி, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒருவன் நடந்தால், திரும்பும் அலையில் ஏறக்குறைய 39 அதிர்வுகள் கூடிவிடும். அந்த 39ஐ மின்சுற்று கண்டுகொள்கிறது. நேராக வருபவனை இது நன்றாகவே அறியும். வெயில், மழைக்கோட்டு, பிளாஸ்டிக் மூடி ஒன்றும் இதற்குப் பொருட்டல்ல. அதுவே இதன் குற்றமும்கூட. வாழை இலை அதே வேகத்தில் ஆடினாலும் இதற்கு ஆள்தான். மெல்லிய தடுப்புக்கு அப்பால் பக்கத்து அறையில் நடப்பவனும் ஆள்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடி மாதங்களில் வீசும் காற்றில், முப்பந்தலின் காற்றாலைகளோடு சேர்ந்து நமது கொல்லையிலுள்ள மட்டி வாழைகளும் ஆடும்போது, புறவாசலில் இந்த வகையை மாட்டியவர் வீட்டில் விளக்கு விடிய விடிய எரியும். என்னைக் கேட்டால், மரமும் காற்றும் உள்ள வெளியிடத்துக்கு வில்லை வைத்த பி.ஐ.ஆர்.; நான்கு சுவருக்குள் அடங்கிய மாடிப்படிக்கும் கார் கொட்டகைக்கும் மைக்ரோவேவ்.

இனி, எரிகிற பாகம். சென்சாருக்கு எல்.இ.டி. பொருந்தியதுபோல் அதற்கு முந்திய சி.எஃப்.எல். பொருந்தவில்லை; அது முழுப் பிரகாசம் பெறவே சற்று நேரம் பிடிக்கும், அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுளும் குறையும். எல்.இ.டி.யோ நொடியில் எரியும். அதன் வெண்மை உண்மையில் ஒரு கலப்பு: நீல ஒளி தரும் சில்லின்மேல், சீரியம் என்ற தனிமத்தைச் சிறிதளவு சேர்த்த மஞ்சள் பூச்சு இருக்கிறது, நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தோன்றுகின்றன. அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். சீரியம் நமக்கு அந்நியமன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் அது தோரியத்தோடு சேர்ந்தே கிடக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலை இங்கே தேடி வந்தது, அக்கால வாயு விளக்குகளில் ஒளிரும் ‘மேண்டில்’ வலைக்கு அதிலுள்ள தோரியம் வேண்டியிருந்ததால்தான். அந்த வலையிலும் நூற்றில் ஒரு பங்கு சீரியம்தான் பிரகாசத்தைக் கூட்டியது. கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் பார்த்த தலைமுறையும் இந்தத் தலைமுறையும் அந்த ஒரு தனிமத்துக்குக் கடன்பட்டவை.

மின்சாரக் கட்டணம் குறையும் என்று கடையில் பெரிதாகச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால், 12 வாட் எல்.இ.டி. விளக்கு இரவு 12 மணி நேரம் தொடர்ந்து எரிந்தாலும் மாதத்துக்கு 4.3 யூனிட்தான். சென்சார் வைத்து இரவுக்கு ஒரு மணி நேரமே எரிந்தாலும், விழித்துக் காத்திருப்பதற்குச் சென்சார் அரை வாட் வாங்கினால், எல்லாம் சேர்ந்து மாதம் 0.7 யூனிட் ஆகும். மிச்சம் மூன்றரை யூனிட். அதற்காக மட்டும் வாங்குவது அவ்வளவு புத்திசாலித்தனமல்ல. முற்றம் இருட்டாக இருக்கலாம் என்பதும், புதுமழைக்குக் கிளம்பும் ஈசல் விளக்கடியில் குவியாது என்பதும், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் வெளிச்சம் குத்தாது என்பதும்தான் மெய்யான லாபங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் அடித்து, நமது மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை அனுபவித்தவர்களுக்கு, இன்வர்ட்டர் இணைப்பில் இப்படியொரு விளக்கு இருப்பதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சியைக் கருதி, நீலம் மிகுந்த கூல் ஒயிட்டைவிட மஞ்சள் சாயலுள்ள வார்ம் ஒயிட்டே நல்லது.

பெட்டியின்மேல் ஐ.பி. 65 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. 6 என்றால் தூசி அறவே புகாது, 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும், 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். கூரைக்கு அடியில் 44 போதும். திறந்த சுவரில் 65 வேண்டும். ஆனால் அந்தச் சோதனை புத்தம்புது விளக்கின்மேல் நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. முட்டத்திலும் குளச்சலிலும் வீசும் உப்புக்காற்று அதில் அடங்காது. கடலோர வீடுகளுக்கு, வர்ணம் பூசிய இரும்பைத் தவிர்த்து, பிளாஸ்டிக் உடலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மேலும், எல்.இ.டி. விளக்கில் முதலில் சாவது சில்லு அல்ல, அதற்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் டிரைவர்தான். உள்ளே உஷ்ணம் 10 டிகிரி கூடினால் அதிலுள்ள மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. பிற்பகல் முழுவதும் மேற்கு வெயில் காயும் சுவரை விலக்குவது டிரைவருக்கும் சென்சாருக்கும் நலம்.

மாட்டுவது எளிது, மெயினை அணைப்பதும், அணைந்ததை டெஸ்டர் வைத்து உறுதிசெய்வதும் முதல் வேலை. இப்போது வரும் விளக்குகளில் அடித்தட்டைத் தனியே கழற்றிச் சுவரில் இரண்டு திருகால் பொருத்தி, ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்று வயரையும் அதன் செருகுமுனைகளில் அழுத்திவிட்டு, மேல்பாகத்தை வைத்துத் திருகினால் முடிந்தது. பழைய விளக்கு இருந்த இடத்திலேயே மாட்டலாம். பழைய சுவிட்சை எப்போதும் போட்டே வைக்க வேண்டும். மேற்குப் பகுதிகளின் வெட்டுகல் சுவரில் சிறிய பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, பெரியதாக, ஆழமாக அடிக்க வேண்டும். வயர் பெட்டிக்குள் மேலிருந்து நுழையக் கூடாது; கீழே தொங்கி வளைந்து அடியிலிருந்து நுழைந்தால், வழியும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றியுள்ள ரப்பரைக் கழற்றி எறிந்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அந்த ரப்பர் போனால் ஐ.பி. எண்ணும் போயிற்று. பழக்கமில்லாதவர்கள் வயர் வேலையை உரிமம் உள்ளவரிடமே விடுவது நல்லது.

உயரம் தரையிலிருந்து 2 முதல் 2½ மீட்டர். வாசலிலிருந்து வரும் பாதைக்கு நேர் எதிரே வைக்காமல், பாதை கீற்றுகளைக் குறுக்கே வெட்டும்படி பக்கவாட்டுச் சுவரில் வைக்க வேண்டும். அடுக்களைப் புகைபோக்கியும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் அதன் பார்வையில் படலாகாது. அவற்றின் வெப்பமூச்சு ஆளாகவே கணக்கிடப்படும். உள்ளே மூன்று சிறு திருகுகள் இருந்தால், ஒன்று கூர்மைக்கு, ஒன்று எரியும் நேரத்துக்கு, ஒன்று எவ்வளவு இருட்டான பின் வேலை தொடங்க வேண்டும் என்பதற்கு. முதலில் மூன்றாவதைப் பகலிலும் எரியும்படி வைத்து, நேரத்தை மிகக் குறைத்து, வீட்டில் ஒருவரை நாலா பக்கமும் நடக்கச் சொல்லி, எங்கே எரிகிறது எங்கே எரியவில்லை என்று பார்த்துத் திருத்திய பின்பு, நேரத்தை ஒரு நிமிஷத்துக்கும் மூன்றாவதை அந்திக்கும் திருப்பி வைக்கலாம். வில்லையின்மேல் சிலந்தி கூடு கட்டினாலும் கடல் உப்பு படிந்தாலும் பார்வை மங்கும். அவ்வப்போது ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும், பெயின்ட் தின்னரோ பெட்ரோலோ படக் கூடாது.